நேரோபோட் மக்கர் பண்ணினால்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும், நேரோபோட் என்கிற குறுகலான நீள எஃகுப் படகுக்குப் பொருந்தும். அகலம் 6 அடி 10 அங்குலம், நீளம் 70 அடி வரை, பின்பக்கத்தில் 35 முதல் 45 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், உள்ளே 12 வோல்ட் மின்சாரம், குளிருக்கு ஒரு கரி அடுப்பு. மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாத வண்டி இது. நடுவழியில் நின்றாலும் கரையோரம் கட்டிவிட்டு நிதானமாக யோசிக்கலாம். யோசிக்காமல் பாகத்தை மாற்றுகிறவர்களுக்குத்தான் செலவு ஏறுகிறது: பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் தளர்ந்திருக்க பேட்டரி வாங்குவார்கள், டீசல் மூடியில் ஒரு ரப்பர் வளையம் போயிருக்க ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஸ்பானரைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எப்போது ஆரம்பித்தது? எஞ்சின் ஓடும்போது மட்டுமா, நிற்கும்போதுமா? அதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டீர்கள்?

எஞ்சின் உறுமுகிறது, படகு நகரவில்லை

பெரும்பாலும் ப்ரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கும். படகைத் திருப்பும் கைப்பிடியான டில்லர் நடுங்கும், எஞ்சின் சத்தம் கனக்கும், புகைபோக்கியில் கறுப்புப் புகை வரும், பின்னால் தண்ணீர் கொந்தளித்தும் படகுக்குத் தள்ளு இருக்காது. இலையுதிர் காலமென்றால் முதலில் நியூட்ரலுக்கு வந்து, சில விநாடி பின்னோக்கி ஓங்கி ஒரு தள்ளு கொடுங்கள். இலைக்குப்பை அதிலேயே உதிர்ந்துவிடும். துணி, கயிறு, பாலித்தீன் என்றால் வீட் ஹேட்ச்சைத் திறந்துதான் ஆகவேண்டும். ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே, எஞ்சின் அறைக்குள் இருக்கும் பெட்டி அது.

படகைக் கட்டுங்கள். எஞ்சினை அணைத்து, சாவியைப் பேனலில் விடாமல் பைக்குள் போடுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி மூடியை எடுத்தால் பெட்டிக்குள் கால்வாய்த் தண்ணீர் நிற்கும். அது வெளியே உள்ள நீர்மட்டம்தான், பயப்பட வேண்டாம். கண்ணுக்கு எதுவும் தெரியாது, கையால் தடவித்தான் பார்க்கவேண்டும். தோள் வரை வரும் ரப்பர் கையுறை குளிர்காலத்தில் அவசியம். துணிக்கும் பாலித்தீனுக்கும் பல் வைத்த ரொட்டிக் கத்தி போதும். நைலான் கயிறு உரசலில் உருகிக் கட்டியாகியிருந்தால் ஹாக்ஸா பிளேடு வேண்டும். மெத்தைக் கம்பியும் முள்கம்பியும் போல்ட் கட்டருக்கு மட்டுமே மசியும். கியர் நியூட்ரலில் இருக்க, ஷாஃப்ட்டைக் கையால் எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே இழுத்தால் பாதி தானாகக் கழன்று வரும். வெட்டியதைத் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள், அடுத்து வருகிற படகுக்கு அதுவே சுற்றும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி கால்வாய் நீரில் உண்டு.

லண்டனில் சவுத்தால் பக்கம் போகிறவர்கள் கிராண்ட் யூனியன் கால்வாயில் தேங்காய் மிதப்பதைப் பார்க்கலாம். பூஜை முடித்து விடப்பட்டவை. தேங்காயால் ப்ரொப்பெல்லருக்குத் தொந்தரவு குறைவு. கூடவே வருகிற துணியைத்தான் கவனிக்க வேண்டும்.

மூடியைத் திரும்பப் போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. கியர் விழுந்ததும் ப்ரொப்பெல்லர் தண்ணீரைப் பெட்டிக்குள் மேல்நோக்கி அடிக்கும். கிளாம்ப் இறுகவில்லையென்றால் சில நிமிடத்தில் எஞ்சின் அறை நிரம்பும். படகுகள் மூழ்கியிருப்பது இப்படித்தான். ரப்பர் சீலைத் துடைத்து, மூடியை வைத்து, கிளாம்ப்பை இறுக்கி, கட்டிய நிலையிலேயே முன்கியரில் போட்டு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். சுற்றிலும் ஈரம் தெரியாவிட்டால் மட்டும் கிளம்புங்கள்.

ப்ரொப்பெல்லர் சுத்தமாக இருந்தால்? தரைப்பலகையைத் தூக்கி, கியரில் போட்டு, ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று தள்ளி நின்று பாருங்கள். சுற்றவில்லையென்றால் கியர்பாக்ஸ் லீவர் நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். கைப்பிடி நகர்ந்தும் அங்கே லீவர் நகராவிட்டால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது கிளிப் கழன்றிருக்கும், மலிவான வேலை. லீவரும் நகர்ந்தால் கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள். என்ன ஆயில் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், சிலதுக்கு ஏடிஎஃப் என்ற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், சிலதுக்கு சாதா எஞ்சின் ஆயில். ஆயிலும் சரியென்றால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டிரைவ் பிளேட் போயிருக்கலாம், அது மெக்கானிக் வேலை. ஷாஃப்ட் சுற்றியும் தள்ளு இல்லையென்றால் ப்ரொப்பெல்லரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சாவித்துண்டு வெட்டுப்பட்டிருக்கும், அல்லது ப்ரொப்பெல்லரே கழன்று விழுந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் படகு இழுபடுகிறது, பின்னால் அலை கரையில் மோதி உடைகிறது என்றால் அது பழுதில்லை. ஆழம் போதவில்லை. வேகம் கொடுக்கக் கொடுக்கப் படகின் பின்பக்கம் கீழே உட்காரும். த்ராட்டிலைக் குறையுங்கள், படகு நிமிர்ந்து முன்னைவிட நன்றாகப் போகும். பின்னோக்கிப் போகும்போது டில்லருக்குக் கட்டுப்படவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதே பதில்: நேரோபோட் எதுவும் கட்டுப்படாது.

டில்லர் திடீரென்று இறுகிவிட்டது

பின்னோக்கிப் போய்க் கரையில் முட்டிய பிறகு என்றால், சுக்கான் கீழே உட்கார்ந்திருக்கும் கிண்ணத்திலிருந்து எகிறியிருக்கும். டில்லர் வழக்கத்தைவிட ஓரங்குலம் உயர்ந்தோ சாய்ந்தோ தெரியும். இரண்டு பேர் டில்லர் கழுத்தைப் பிடித்துத் தூக்க, ஒருவர் நீளமான கம்பால் சுக்கானைக் கிண்ணத்தின் மேல் நகர்த்தினால் சில சமயம் உட்கார்ந்துவிடும். உட்காராவிட்டால் உலர்துறைதான். மெல்ல மெல்ல இறுகியதென்றால் மேல் பேரிங்கில் கிரீஸ் இல்லை.

எஞ்சின் மூச்சுத்திணறி நிற்கிறது

பட்டென்று நின்றதா, ஏறி இறங்கித் தள்ளாடி நின்றதா என்பதைக் கவனியுங்கள். பட்டென்று என்றால் ப்ரொப்பெல்லரில் கயிறு இறுகியிருக்கும், அல்லது எஞ்சினை நிறுத்தும் மின்சுவிட்சான சொலினாய்டின் கம்பி கழன்றிருக்கும். தள்ளாடி நின்றால் டீசல் போதவில்லை. பல படகுகளில் டீசல் அளவு காட்டும் முள் கிடையாது, ஆகவே குச்சியை விட்டு அளவு பாருங்கள். அடிமட்டத்தில் நாலு விரல் டீசல்தான் என்றால் படகு ஆடும்போது குழாய் காற்றை இழுக்கும்.

டீசல் இருக்கிறதென்றால் ஃபில்டருக்கு முன்னால் உள்ள நீர்பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி ஜாடியில் பிடியுங்கள். கீழே தெளிவாக ஒரு படலம் தங்கினால் அது தண்ணீர். கறுப்பாக வழவழவென்று பாகு மாதிரி வந்தால் டீசல் பக். டீசலுக்கும் தண்ணீருக்கும் நடுவிலுள்ள கோட்டில் வளரும் நுண்ணுயிர் அது, தண்ணீர் இல்லாத தொட்டியில் அதற்குப் பிழைப்பில்லை. தண்ணீர் வருவது இரண்டு வழியாக: டெக்கில் உள்ள டீசல் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து மழை இறங்குவது, பாதி காலியான தொட்டியின் சுவரில் குளிர்காலத்தில் வியர்ப்பது. வளையத்தை ஆண்டுக்கொரு முறை மாற்றுங்கள், அக்டோபரில் தொட்டியை நிரப்புங்கள், மாதம் ஒரு தடவை நீர்பிரிப்பானை வடியுங்கள். பக் வந்துவிட்டால் கொல்லி மருந்தை அதன் லேபிளில் உள்ள அதிகபட்ச அளவில் போட்டு, அடுத்த சில வாரம் கைவசம் மூன்று நான்கு ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். செத்த பக்கும் ஃபில்டரைத்தான் அடைக்கும்.

ஃபில்டர் மாற்றியதும் குழாயில் காற்று புகுந்திருக்கும். பீட்டா போன்ற பல புது எஞ்சின்கள் தாமாகவே காற்றை வெளியேற்றிக்கொள்ளும். பிஎம்சி 1.8 மாதிரிப் பழையவற்றுக்கு இந்த வரிசை:

1. டீசல் குழாய்த் திருகு திறந்திருக்கிறதா பாருங்கள். ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்துங்கள்.
2. தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப்பின் சிறு லீவரைக் கட்டைவிரலால் அடியுங்கள். அசைவே இல்லையென்றால் பம்ப் பழுதென்று முடிவு கட்டாதீர்கள். எஞ்சினை ஒரு சுற்று திருப்பினால் லீவருக்கு அசைவு வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் திருகை இறுக்குங்கள்.
3. இன்ஜெக்ஷன் பம்ப்பில் உள்ள திருகிலும் அதே மாதிரி.
4. த்ராட்டிலை முழுக்கத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். 10 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றாதீர்கள், ஸ்டார்ட்டர் சூடேறும். பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, எஞ்சினைச் சுற்றி, டீசல் தெறித்ததும் இறுக்குங்கள். முகமும் கையும் தள்ளியிருக்கட்டும். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

கால்வாய்த் தண்ணீரை இழுத்து எக்ஸாஸ்ட் வழியாக வெளியே விடும் எஞ்சினாக இருந்தால், நீண்ட நேரம் ஸ்டார்ட் முயலும்போது தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள். ஓடாத எஞ்சினால் அந்தத் தண்ணீரைத் தள்ள முடியாது, சிலிண்டருக்குள் திரும்பிவிடும். பிடித்த உடனே திறக்க மறக்கக்கூடாது.

கால்வாயில் சரி, ஆற்றில் சூடேறுகிறது

இந்த ஒரு வரியே ஸ்கின் டேங்க்கைக் காட்டிக்கொடுக்கிறது. பெரும்பாலான நேரோபோட்டில் ரேடியேட்டர் கிடையாது. படகின் பக்கச் சுவரில் உள்ளே ஒட்டி வைத்த தட்டையான எஃகுத் தொட்டிக்குள் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சுற்றி, சுவர் வழியாகக் கால்வாயில் சூட்டை விடுகிறது. பொதுக் கணக்கு 4 குதிரைத்திறனுக்கு 1 சதுர அடி. கால்வாயில் எஞ்சின் சும்மா முனகிக்கொண்டு போகும், குறை தெரியாது. தேம்ஸிலோ டிரென்ட்டிலோ நீரோட்டத்துக்கு எதிரே இரண்டு மணிநேரம் வேகம் கொடுத்தால் முள் ஏறும். தொட்டியின் மேல்பக்கத்தில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு அதைத் திறந்து காற்று வருகிறதா பாருங்கள். காற்று தங்கினால் அந்த அளவுக்குப் பரப்பு வீண். காற்று இல்லாமலும் சூடேறினால் தொட்டி சிறியது, ஆற்றில் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டவேண்டும்.

எங்கே போனாலும் சூடேறினால் வேறு கதை: கூலன்ட் குறைவு, பெல்ட் தளர்வு, தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொள்ளல். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். நீலக் கூலன்ட்டை 2 ஆண்டுக்கொரு முறை மாற்றவேண்டும். சிவப்போடு கலக்காதீர்கள்.

எஞ்சின் அடியில் தண்ணீர் சேர்கிறது

யூகிக்காதீர்கள். பஞ்சால் ஒற்றி முழுக்கக் காயவைத்து, சந்தேகப்படும் ஒவ்வொரு இடத்துக்குக் கீழேயும் செய்தித்தாளை விரியுங்கள். ஒரு மணிநேரம் எஞ்சினை ஓட்டுங்கள், பிறகு ஒரு ராத்திரி சும்மா விடுங்கள். எந்தத் தாள் எப்போது நனைந்தது என்பதே விடை. மழைக்குப் பின் மட்டும் நனைந்தால் டெக் பலகையைச் சுற்றியுள்ள வடிகால் குப்பையால் அடைத்திருக்கிறது. வெந்நீர்த் தொட்டியான கலோரிஃபையர் பக்கம் எஞ்சின் ஓடும்போது மட்டும் நனைந்தால், சூடான நீர் விரிந்து பிரஷர் ரிலீஃப் வால்வ் வழியாகச் சொட்டுகிறது. அது அதன் வேலை. நீலமோ சிவப்போ வழுவழுப்பாக இருந்தால் கூலன்ட். விஷம், நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள்.

ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில், ஸ்டெர்ன் கிளாண்ட்டில் நனைந்தால் அளவைக் கவனியுங்கள். ஓடும்போது நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு நல்லதே, ஷாஃப்ட்டைச் சுற்றி அடைத்திருக்கும் பேக்கிங்குக்கு ஈரம் வேண்டும். நின்ற பிறகும் சொட்டக்கூடாது. ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும் கிளாண்ட்டுக்குள் கிரீஸ் தள்ளும் கிரீஸரின் கைப்பிடியை இறுக்கம் தெரியும் வரை ஒன்றிரண்டு சுற்று திருப்புங்கள், சொட்டு நிற்கும். நிற்காவிட்டால் கிளாண்ட்டின் இரு நட்டையும் ஆறில் ஒரு சுற்று, இரண்டுக்கும் சமமாக இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைத்து, கிளாண்ட்டைத் தொடுங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள். ஷாஃப்ட்டில் பள்ளம் விழும், பிறகு எந்தப் பேக்கிங்கும் நிற்காது. நட்டு கடைசி வரை போயும் சொட்டினால் பேக்கிங் வளையங்களை மாற்றவேண்டும். முனைகள் ஒரே கோட்டில் வராமல் மூன்றில் ஒரு சுற்று தள்ளித் தள்ளி வைக்கவேண்டும். கிரீஸ் இல்லாத ரப்பர் சீல் வகைக்கு இதெல்லாம் பொருந்தாது, அதன் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொன்று: படகின் அடியில் சேரும் நீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் தானாக இயங்குகிறதென்று நிம்மதியாக இருக்காதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பம்ப்பும் நின்றுவிடும். எண்ணெய் கலந்த நீரைக் கால்வாயில் தள்ளுவதும் குற்றம்.

கேபின் தரையடியில் ஈரம் என்றால் பின்படிக்கட்டுக்குக் கீழே உள்ள சிறு மூடியைத் தூக்கிப் பாருங்கள், படகு பின்பக்கம் சாய்ந்திருப்பதால் தண்ணீர் அங்கே வந்து சேரும். துடைத்துவிட்டு, தண்ணீர்ப் பம்ப்பை ஒரு நாள் அணைத்து வையுங்கள். அப்போதும் சேர்ந்தால் மழையோ வியர்வையோ படகுச் சுவரோ. சேராவிட்டால் குழாய் இணைப்பு. குளிரில் சன்னல் வியர்க்கிறதென்று காற்றுத் துளைகளை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுப்பு எரியும் படகில் அதைச் செய்யவே கூடாது.

தண்ணீர்ப் பம்ப் தானாக ஓடி நிற்கிறது

குழாயெல்லாம் மூடியிருக்க ராத்திரியில் பம்ப் ஒரு விநாடி உறுமி நின்றால் எங்கோ அழுத்தம் கசிகிறது. குழாய் திறந்தவுடன் டக் டக்கென்று அடித்தால் அழுத்தத்தைச் சீராக வைக்கும் சிறு காற்றுத் தொட்டியான அக்யுமுலேட்டரில் காற்று போய்விட்டது. பம்ப்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, சைக்கிள் பம்ப்பால் காற்றடியுங்கள். பம்ப் கிளம்பும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாக. பம்ப் ஓடியும் தண்ணீர் வராவிட்டால், தொட்டியில் நீர் இருந்தால், வடிகட்டிக் கிண்ணத்தின் வளையம் வழியாகக் காற்றை இழுக்கிறது.

உறைபனிக் காலத்தில் படகை விட்டுப் போகிறவர்கள் தொட்டிக் குழாயை மூடி, பம்ப்பை நிறுத்தி, எல்லாக் குழாயையும் திறந்து வைத்துவிட்டுப் போகவேண்டும். முதலில் வெடிப்பது பெரும்பாலும் ஷவரின் கலவைக் குழாய்தான், சுவரோடு ஒட்டியிருப்பதால்.

விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்றிருக்கிறது

புது பேட்டரி வாங்கிய இரண்டாம் குளிர்காலத்தில் இந்தப் புகார் வந்தால் குற்றம் பேட்டரி மேல் இல்லை. சார்ஜ் செய்ததும் மீட்டர் 12.8 காட்டுவது நம்பத்தக்கதல்ல. எதையும் இயக்காமல் இரண்டு மணிநேரம் விட்டுவிட்டு அளந்து பாருங்கள். 12.7 என்றால் நிறைந்தது, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். சாதா ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினாலும், முழுக்க நிரப்பாமல் வைத்தாலும் தகட்டில் சல்ஃபேட் கெட்டியாகும். 110 ஆம்ப்-அவர் பேட்டரி மூன்று இருந்தால் கையில் 330 இருக்கிறதென்று நினைக்கக்கூடாது, செலவழிக்கக்கூடியது 165. ஃப்ரிட்ஜ் மட்டும் நாளுக்குச் சுமார் 40 தின்றுவிடும்.

எஞ்சினை நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓட்டிக்கொண்டு பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். சார்ஜ் ஆக ஆக 14.2 முதல் 14.4 வரை ஏறவேண்டும். ஆல்டர்னேட்டரில் 14.3, பேட்டரியில் 13.4 என்றால் நடுவில் உள்ள கேபிளோ சார்ஜைப் பேட்டரிகளுக்குப் பிரித்துவிடும் ஸ்பிளிட் சார்ஜ் ரிலேயோ விழுங்குகிறது. இணைப்புகளைக் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். இரண்டிலும் 12.5 என்றால் ஆல்டர்னேட்டர் வேலை செய்யவில்லை. சாவி போட்டதும் பேனலில் சார்ஜ் விளக்கு எரிகிறதா பாருங்கள். பல ஆல்டர்னேட்டர்கள் அந்த விளக்கு வழியாக வரும் மின்சாரத்தில்தான் விழித்துக்கொள்கின்றன, பல்ப் போனால் சார்ஜ் இல்லை. பெல்ட்டின் கீழே கறுப்புத் தூள் கொட்டியிருந்தால் பெல்ட் வழுக்குகிறது. நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கவேண்டும்.

வோல்ட் சரியாக இருந்தும் போதவில்லையென்றால் நேரம் போதவில்லை. 70 ஆம்ப் ஆல்டர்னேட்டர் 70 கொடுப்பது ஆரம்பத்தில் மட்டும். கடைசி 20 சதவீதம் நிரம்ப மணிக்கணக்காகும். உள்ளே போகும் மின்சாரம் மொத்தக் கொள்ளளவில் 2 சதவீதத்துக்குக் கீழே, நம் கணக்கில் 6 ஆம்ப்புக்கு இறங்கினால்தான் நிறைந்தது என்று அர்த்தம். கரையில் கட்டியிருக்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக்கூடாதென்பதால் மாலையில் முன்னதாகவே ஆரம்பிக்கவேண்டும். டிசம்பர், ஜனவரியில் சோலாரை நம்பவேண்டாம்.

சார்ஜ் ஆகும்போது ஒரு பேட்டரி மட்டும் சுட்டு, அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே சார்ஜை நிறுத்துங்கள். கதவு, சன்னலைத் திறந்து, வாடை போகும் வரை தள்ளி நில்லுங்கள். ஆறிய பின் அதைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டுங்கள். பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

அடுப்புப் புகை கேபினுக்குள் வருகிறது

அடுப்பின் உள்ளே மேலே உள்ள தடுப்புத் தட்டைக் கழற்றுங்கள். அதன்மேல் குவிந்த சாம்பலே பெரும்பாலும் காரணம். பிறகு புகைக்குழாயைத் தூரிகையால் துடையுங்கள். கதவைச் சுற்றியுள்ள கயிற்றில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக உருவினால் கயிறு மாற்றவேண்டும். கண்ணாடி கறுத்தால் விறகு ஈரம். 20 சதவீதத்துக்குக் கீழ் ஈரம் இருக்கவேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால் அறிகுறி தேட உட்காராதீர்கள். கதவைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள்.

குளிரில் கேஸ் அடுப்பு மட்டும் சுருங்கி எரிந்தால் நீல பியூட்டேன் சிலிண்டர் போட்டிருப்பீர்கள். 0 டிகிரியை ஒட்டி அது ஆவியாகாது. சிவப்பு புரொப்பேன் போடுங்கள், அதற்கான ரெகுலேட்டரோடு. கேஸ் வாடை வந்தால் சிலிண்டரை மூடி, எதன் சுவிட்சையும் தொடாமல், ஆளை அழையுங்கள்.

லாக்கில் படகு சாய்கிறது

லாக் என்பது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவு வைத்த தொட்டி. அதில் இறங்கும்போது பின்பக்கம் மேலேயே நின்று முன்பக்கம் தாழ்ந்தால், பின்பக்கம் மேல்கதவுக்கு அடியிலுள்ள சில் என்ற மேடையில் உட்கார்ந்துவிட்டது. சுவரில் உள்ள வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் பின்பக்கத்தை வைத்திருந்தால் இது நடக்காது. நடந்துவிட்டால் வரிசை முக்கியம்: முதலில் கீழ்ப் பேடில்களை, அதாவது தண்ணீரை விடும் அடைப்புகளை, மூடுங்கள், தண்ணீர் இறங்குவது நிற்கும். பிறகு மேல் பேடில்களை மெல்லத் திறந்து படகை மிதக்க விடுங்கள். முன்னோக்கி எஞ்சினை முடுக்கி இழுக்கப் பார்க்காதீர்கள். ஏறும்போது முன்மூக்கு கதவின் குறுக்குக் கட்டையில் மாட்டினால் நேரெதிர்: மேல் பேடிலை மூடி, கீழ்ப் பேடிலைத் திறந்து இறக்குங்கள். லாக்கில் கயிற்றை முடிச்சிட்டுக் கட்டாமல் கையிலேயே வைத்திருப்பதும் இதற்காகத்தான். பேடிலைத் திருப்பும் கைப்பிடியான விண்ட்லாஸை அதில் மாட்டிவிட்டு அகலக்கூடாது.

இரண்டு லாக்குகளுக்கு நடுவே நீர்மட்டம் இறங்கிப் படகு தரைதட்டினால், மேல் லாக்கிலிருந்து நீங்களே தண்ணீர் திறந்துவிட ஆரம்பிக்காதீர்கள், மேலே இருப்பவர்களும் தரைதட்டுவார்கள். கால்வாயைப் பராமரிக்கும் அமைப்பை அழைத்து, லாக்கின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சேற்றில் மட்டும் சிக்கியிருந்தால் முன்னோக்கி முடுக்காமல், ஆட்களை எதிர்ப்பக்கம் நிற்க வைத்து, வந்த வழியே பின்கியரில் மெல்ல இழுங்கள். நீளக் கம்பைக் கரையில் ஊன்றித் தள்ளுங்கள், தரையில் ஊன்றினால் கம்பு சேற்றில் சிக்கி ஆளையும் சேர்த்து இழுக்கும்.